மூன்றாவது ஜன்னல்

"முதல் ஜன்னல்ல சீல், ரெண்டாவதுல நம்பர், மூணாவதுலதான் அபராதம் கட்டணுமாம். ஏங்க, இந்த அலைச்சல் நமக்குத் தேவையா?"

இடுப்பில் நழுவிய குழந்தையை ஏற்றிவிட்டுக்கொண்டே கேட்டாள். கோர்ட்டு வராந்தாவில் வரிசை நகருகிற வழியாக இல்லை. புருஷன் முன்னால் நின்றவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"பத்து வருஷமா ஸ்கூல் வேன் ஓட்டுறீங்க. ஸ்கூட்டர்ல ஏறினா மட்டும் சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியல. விடும்மா."

"எப்படி விடுறது? நான் ஓட்டப் பழகி ரெண்டு மாசம்கூட ஆகல. அன்னைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிச்சப்ப நீங்க வேன்ல இருந்தீங்க. உங்க ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு, இவள முதுகோட கட்டிக்கிட்டு நான்தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன்? ஒரு கால்ல உங்க செருப்பு, ஒரு கால்ல என் செருப்பு. அந்தப் பதற்றத்துலயும் என்னை யாராச்சும் பிடிச்சாங்களா?"

பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அந்த நோட்டீஸையாவது காட்டுங்க. எந்த இடம்னு பாக்குறேன்."

நாலாக மடித்த தாளை அவன் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

"பாத்து என்ன பண்ணப்போற?"

கால் கடுக்க நின்ற பிறகு ஒரு வழியாக மூன்றாவது ஜன்னல் வந்தது. குமாஸ்தா தாளைப் பிரித்தார். தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓட்டினது நீங்கதானா?"

"ஆமா சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. டிரைவர் வேலைன்னு போட்டிருக்கு. இது லைசென்ஸ்ல ஏறிடும். இன்னொரு தடவை மாட்டினா ஆறு மாசம் வண்டியத் தொட முடியாது."

"நான்தான் சார்."

"கேட்டீங்களா? நமக்குச் சோறு போடுற லைசென்ஸ்!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

குமாஸ்தா கையெழுத்துக்காகத் தாளை வெளியே நீட்டினார்.

மேலேயே கேமரா எடுத்த படம். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. முதுகில் துணியால் கட்டிய குழந்தை. கீழே இரண்டு கால்கள். ஒன்றில் ஆண் செருப்பு, ஒன்றில் பெண் செருப்பு.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு ஜன்னலை நெருங்கினாள். "சார்..." என்று அவள் தொடங்குவதற்குள் அவன் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான்.

வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவ்வளவு திட்டு திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மறுபடி வண்டியத் தொட்டிருப்பியா நீ?"

அவள் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை அவள் கையில் வைத்தான்.

"ஓட்டு. சிவப்பு எரிஞ்சா மட்டும் கொஞ்சம் நில்லு தாயே!"