முப்பத்தொரு அங்குல மேடை

"கையை மடக்கி நேரா நில்லுங்க மேடம்," என்றாள் அருணா. தரையில் மண்டியிட்டு, ஜெயமணியின் முழங்கைவரை டேப்பை நீட்டி, சட்டைக்கு அளவெடுப்பவளைப் போலக் கவனமாக அளந்தாள். நாற்பத்திரண்டு அங்குலம்.

"என்னைய எதுக்கும்மா அளக்குறீங்க?" என்று ஜெயமணி சிரித்தாள்.

சமையல் மேடை முழங்கைக்கு ஐந்து அங்குலம் கீழே இருந்தால்தான் இடுப்பு வளையாது என்று அருணா விளக்கினாள். சொன்னது உண்மை. நோட்டில் எழுதியதுதான் பொய். முப்பத்தேழு வர வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று என்று எழுதினாள்.

ஜெயமணிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரியவும் வழியில்லை. முன்பு ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் அசெம்பிளி லைனில் அருணா என்பது தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே இரண்டு கண்கள், மார்பில் ஒரு டோக்கன் எண். ஜெயமணி அங்கே சூப்பர்வைசர்.

அருணா நல்ல உயரம். ஐந்தடிப் பெண்களுக்குப் போட்ட மேஜையில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. மேஜையை மூன்று அங்குலம் உயர்த்தித் தரச் சொல்லி, பிஎஸ்சி இயற்பியல் படித்த தைரியத்தில் படம்கூட வரைந்து கொடுத்தாள். ஜெயமணி அந்தத் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"மேஜை உசரம் மாறாது. நீ வேணா உன் உசரத்தக் கொறச்சுக்க."

லைனே சிரித்தது. சிரிக்காதவள் பக்கத்தில் நின்ற கெம்பம்மா ஒருத்திதான். அஞ்செட்டிக்காரி, அவளும் அருணா உயரம். மறுநாள் காலி அட்டைப்பெட்டிகளை மடித்து அருணா வேலை பார்க்கும் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். அதற்காக அவளுக்கு மெமோ வந்தது.

அடுத்த வருடம் இடுப்பில் பெல்ட்டோடு அருணா வேலையை விட்டாள். கிச்சன் டிசைன் படித்து, பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் சேர்ந்தாள். கெம்பம்மாவோடு பேச்சு விட்டுப் போயிற்று. செய்து முடித்த சமையலறைகளை ஸ்டேட்டஸில் போட்டால், பார்த்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருக்கும். அவ்வளவுதான்.

இப்போது கட்டுகிற புது வீட்டுச் சமையலறைக்காக ஜெயமணியே தேடி வந்திருக்கிறாள். தெரிஞ்சவங்க ஒருத்தங்க உங்க பேரைச் சொல்லி, வேற கடைக்கே போகக் கூடாதுன்னுட்டாங்க என்றாள். யாரோ பழைய வாடிக்கையாளர் என்று அருணா நினைத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

ஜெயமணியின் பழைய வீட்டில் அளவெடுத்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெயமணியே காப்பி கலந்தாள். ஒரு ஸ்பூனுக்காக மூன்று இழுப்பறைகளைத் திறந்தாள். சர்க்கரை டப்பாவுக்கு இன்னும் நேரமானது. இவ்வளவு ஒழுங்கானவளா லைனில் நம்மை ஒழுங்குபடுத்தினாள் என்று அருணாவுக்குத் தோன்றியது.

இரண்டு வாரம் உட்கார்ந்து அருணா அந்தச் சமையலறையை வரைந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டி மேடையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழே இறக்கினாள், ஆழமும் கூட்டினாள். அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் மூன்றும் நாலு எட்டுக்குள் இருக்க வேண்டும்; மூன்றையும் மூன்று மூலைக்கு விரட்டினாள். நிற்பவரின் பாதம் உள்ளே போக அலமாரிக்கு அடியில் விடும் இடைவெளியை அடைத்தாள்.

அக்னி மூலையையும் கிழக்கு பார்த்த அடுப்பையும் மட்டும் பிசகாமல் வைத்தாள். ஜெயமணி அந்த இரண்டை மட்டும்தான் சரிபார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

கல் பதிக்க வந்த முனிவேல் மேஸ்திரிதான் டேப்பும் கையுமாக நின்றார். "மேடை ரொம்பத் தாழ வருதே பாப்பா."

"அவங்க கேட்ட அளவுதாங்கண்ணா," என்றாள் அருணா. கிரானைட் உட்கார்ந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு ஜெயமணி மறக்காமல் அழைத்தாள். கூட்டத்துக்குள் போகக் கூசும் அருணா அன்று முதல் ஆளாகப் போய், சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் பார்க்க வந்தது ஒன்றே ஒன்றுதான்.

பட்டுப்புடவையில் ஜெயமணி அடுப்பைப் பற்றவைத்தாள். குனிந்தாள். பால் பொங்கும்வரை குனிந்தே நின்றாள். பொங்கியதும் நிமிர்ந்து, அப்பாடா என்று முதுகை நெளித்தாள். பத்து நிமிடத்துக்கே இப்படி. இனி மூன்று வேளையும், வருடக்கணக்காக என்று அருணா எண்ணிக்கொண்டாள். வயிறு குளிர்ந்தது.

ஜெயமணி அவளைப் பார்த்து, அழகா பண்ணிட்டீங்க என்றாள். பிறகு தீப்பெட்டியை மேடையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"சாங்கியத்துக்குப் பால் காய்ச்சுனதோட என் வேலை முடிஞ்சுது. நான் என்னைக்கு அடுப்படில நின்னேன்? மூணு வருசமா சமையலெல்லாம் இவங்கதான், முன்ன எங்க கம்பெனில இருந்தவங்க. உங்க கடைக்குத்தான் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னதும் இவங்கதான்."

பின்வாசல் வழியாக உள்ளே வந்தவள் நல்ல உயரம். முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்றாள். குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது.

"கெம்பம்மாக்கா..." என்றாள் அருணா. 

கெம்பம்மா கல்லின் விளிம்பை மெல்லத் தடவிப் பார்த்தாள். பிறகு அருணாவைப் பார்த்தாள்.

"நீ அளக்கறேன்னதும், சரியாத்தான் இருக்கும்னு நான் வந்து பாக்கவே இல்ல கண்ணு."