ஒன்பதாம் நாள் மொய்ங்கா

என் மனைவி பூவிழியின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் மீனை அடுப்பில் வைத்தேன். கொல்லைக் கதவைத் தாழிட்டேன். ஜன்னலையும் சாத்தினேன்.

அவள் போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை சாவு வீட்டில் கவுச்சி கூடாது. எனக்குத் துணையாக வந்திருந்த என் அக்கா அருக்காணி, கருமாதிச் சாமான் வாங்க மரக்காணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

பூவிழியின் குடும்பம் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஊர் மொய்ங்காதான். மீனை வேகவைத்து முள் எடுத்து, வாழைத்தண்டும் வறுத்த கடலை மாவும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றித் தருவாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளுக்கும் வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் போகும்.

கடைசியாக அவள் வாங்கி வைத்த வாழைத்தண்டு அடுக்களை மூலையில் கறுத்துக்கொண்டு வந்தது. பதினாறுவரை தாங்காது. அதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

மீன் வாங்கியதுதான் பெரும்பாடு. மீன்காரம்மா எங்கள் தெருவில் தினமும் கூவிக்கொண்டு போனாள். அந்த ஒன்பது நாளும் அந்தோணியம்மாள்கூட அவளை நிறுத்தவில்லை. நான் அனுமந்தைவரை சைக்கிளில் போய் நாலு கானாங்கெளுத்தி வாங்கி, உப்புச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன்.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கடை பூட்டியிருந்ததால் அக்கா சீக்கிரமே திரும்பிவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். அவள் கேட்டருகிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“என்னடா, மீன் நாத்தம் அடிக்குது?”

நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஏற்கெனவே உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். இதுவும் தெரிந்தால், பெண்டாட்டி செத்த ஒன்பதாம் நாளே மீன் தின்றவன் என்பதுதான் என் பேராகிவிடும்.

“நம்ம வீட்ல இல்லக்கா,” என்றேன். “பக்கத்துல.”

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பையை என் கையில் திணித்துவிட்டு, நேராக வேலியோரம் போய் அந்தோணியம்மாளைக் கூப்பிட்டாள். அவள் அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தாள். காலில் காய்ந்த உப்பைக்கூடக் கழுவியிருக்கவில்லை.

மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சாவு வீட்டு மரியாதை தெரியாதா என்று அக்கா கேட்டாள். செத்தவள் கையால் வாரா வாரம் வாங்கித் தின்ற வாய்தானே என்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

“ஏம்மா, இன்னும் ஏழு நாளு வாயக் கட்ட முடியலியா உனக்கு?”

அந்தோணியம்மாள் அக்காவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். அது எந்த வாசனை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. நான் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“முடியலக்கா,” என்றாள் அவள். “நான்தான் ஆக்கிட்டேன்.”