திரையில் வைத்த பொட்டு

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலையைச் சமன்செய்த இடத்தில், லொறியில் துண்டு துண்டாக வந்த வீட்டை வீரபத்திரன், வீட்டுத்திட்டத்தார் கொடுத்த கம்பியூட்டரில் படம் பார்த்து, ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டி முடித்திருக்கிறார். தூறலில் அதன் இரும்புச் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மழைக்கும் மண்ணுக்கும் பழுதாகாத அந்தத் தடித்த சிலேட்டுக் கம்பியூட்டரை வீட்டுத்திட்டத்து நிரூபா மிஸ் கையில் எடுக்கிறார். திரையில் இருக்கும் படத்தின் ஒரு மூலையில், காலையில் வீரபத்திரனின் மனைவி அழகம்மை ஆசையாக வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கின்றன. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் யாராவது வேலை தொடங்குவார்களா? மிஸ் நகத்தால் சுரண்டுகிறார். பொட்டு உதிர்ந்த இடத்தில் ஒரு குறுக்குச் சட்டம் தெரிகிறது. “ஐயா, இதைப் பூட்டாமல் விட்டிட்டியளே! முழுக்கக் கழட்டவேணும். ஆர் இதில பொட்டு வைச்சது?” வேடிக்கை பார்க்கும் லயத்து ஆட்களில் ஒருவன், “அண்ணே, ஒங்களுக்கு மாதிரியே ஒங்க வூட்டுக்கும் இடுப்பு செத்துப்போச்சா?” என்கிறான். அழகம்மை பொட்டு வைத்த விரலை முந்தானைக்குள் மறைக்கிறாள். அவள் புருஷன் ஸ்பேனரைத் துடைத்தபடியே, “நாந்தாங்க மிஸ் வச்சேன், புத்திகெட்டுப்போயி” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அழகம்மையும் சேர்ந்து சிரித்துவிடுகிறாள். சிரித்த வாயை எப்படி மூடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.