நான்காவது தோட்டா

"சுடப் பிடிக்கலன்னா துப்பாக்கி என்னப்பா பண்ணும்?" என்று மகள் ஒருமுறை கேட்டபோது, ஆயுதப் பழுது பார்ப்பவர் சிரித்துவிட்டார்.

இந்தக் கைத்துப்பாக்கி நான்காவது தோட்டாவில் மட்டும் சிக்கியது. மேகசினை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், தோட்டா ஏறும் சரிவையும் தேய்த்து மெருகேற்றினார். அப்படியும் நான்காவது உள்ளே ஏறவில்லை.

"உங்களுக்கும் இதுக்கும் என்னண்ணே வாய்க்கா வரப்புத் தகராறு? இன்னிக்குச் சரியாகலன்னா உருக்குற உலைக்குத்தான்," என்றார் கிடங்குக்காரர்.

பழுது பார்ப்பவர் துப்பாக்கியின் எண்ணைப் பார்த்தார். பதினொரு வருடங்களுக்கு முன்பு, பயிற்சித் திடலில் ஒருவன் தவறுதலாக அவர் நெஞ்சுக்கு நேரே விசையை அழுத்தினான். அன்று சிக்கியதும் இதே துப்பாக்கிதான், இதே நான்காவது தோட்டாவில்தான்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் துப்பாக்கியைக் கையில் எடுத்து, அதனிடம் சொன்னார்:

"போதும்ப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

பிறகு சுட்டுப் பார்த்தபோது எட்டுத் தோட்டாக்களும் தடையின்றி இலக்கில் பாய்ந்தன. பதிவேட்டில் 'பழுது நீங்கியது' என்று எழுதி, காரணத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டார்.