டியூபாவுக்கு விட்ட இடம்

கல்லறைத் தோட்டத்து வாசலில், பதினோரு மணி வெயிலில், தெரு பாண்டுக்காரர்கள் நிற்கிறார்கள். மஞ்சள் கால்சட்டை, தொப்பியில் கோழி இறகு, மூக்கில் சிவப்புச் சாயம். சாவுக்கு இந்தக் கோலத்திலா என்று எனக்குக் கூசுகிறது. மூன்று வருடமாகச் சந்தையில் இவர்கள் பின்னால் அலையும் வெளியூர்க்காரன் நான். சவப்பெட்டிக்குள் இருப்பவர் இவர்களுடைய டியூபாக்காரர் கஸ்தோன். பெட்டிமேல் கிடக்கும் அவருடைய டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகுழலின் அகன்ற வாயில் மேகத்தின் பிம்பம் வளைந்து நகர்கிறது. திருவிழாப் பாட்டையே வாசிக்கிறார்கள். நடுவில் சட்டென்று அத்தனை வாத்தியமும் அடங்குகிறது. முடிந்துவிட்டதென்று நான் கைதட்டிவிடுகிறேன். நான் மட்டும். எல்லாத் தலையும் திரும்புகிறது. “பாட்டு இன்னும் முடியலய்யா,” என்று மேளக்காரர் கிசுகிசுக்கிறார். “இது கஸ்தோன் தனியா ஊதுற இடம். அவருக்குன்னு விட்டிருக்கோம்.” தட்டுவதை நிறுத்திக் கைகளைத் தாழ்த்துகிறேன். பெட்டியருகே கறுப்பு உடையில் நிற்கும் அவர் மனைவி ரெஜீன் என்னையே பார்க்கிறார். “நிறுத்தாதீங்க தம்பி,” என்கிறார். “எல்லாரும் டிரம்பெட்டுக்குத்தான் தட்டுவாங்க. நாப்பது வருஷத்துல இந்த இடத்துக்கு ஒருத்தரும் தட்டினதில்ல.” மேளக்காரரின் உதடுகள் சத்தமில்லாமல் தாளத்தை எண்ணுகின்றன. டிரம்பெட்டுகள் மறுபடி எழும்வரை, அந்த வாசலில் என் கைத்தட்டல் மட்டுமே கேட்கிறது.