மிஸ் கனகசூரியம்

"திங்கக்கிழமை காலம வாகரைப் பள்ளிக்கூடத்தில போய்க் கையெழுத்து வைக்காட்டி நியமனம் இல்லாமப் போயிரும். மறுகா எத்தின வருசம் காத்திருக்கணுமோ தெரியா," என்றார் கனகசூரியம்.

"தெரியும் அப்பா," என்றாள் ஆர்த்திகா.

வெள்ளிக்கிழமை பின்னேரம். வாழைச்சேனையில் அவர்களுடைய வீட்டு மேசையில் ஆசிரியர் நியமனக் கடிதம் மூன்று நாளாகக் கிடந்தது. ஆர்த்திகா அதன் பக்கமே போகவில்லை. வரலாற்றில் கலாநிதிப் பட்டம் செய்ய வெளிநாட்டில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஐந்து இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். ஆறாவது இடம் இன்று முடிவு அனுப்புவதாகச் சொல்லியிருந்தது.

"அஞ்சு பேரும் ஒரே மாதிரித்தான் எழுதியிருக்காங்க. இந்த வருசம் எண்டைக்கும் இல்லாத அளவு விண்ணப்பமாம். அதெப்பிடி மகள், எல்லா ஊரிலயும் இந்த வருசந்தான் கூட?"

"சும்மா இரிங்கப்பா."

"சும்மாதான் இரிக்கன்."

அவரால் சும்மா இருக்க முடியாது. ஓய்வுபெற்ற தபாலதிபர். கடிதம் வருவதென்றால் அதற்கொரு நேரம் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நினைத்த நேரத்தில் வந்து விழுகிற மின்னஞ்சல் மேல் அவருக்கு மரியாதை கிடையாது.

"எத்தின மணிக்கு வருமெண்டு போட்டிரிக்கா?" என்று கேட்டாள் வதனி. உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிற 'வதனி மிஸ்'. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இதோட நாலாந்தரம் கேக்கிறீங்க அம்மா. நேரம் போடல்ல."

வதனி ஒரு விடைத்தாளுக்குப் புள்ளி போட்டாள். வெட்டினாள். பிறகு அதே புள்ளியையே மறுபடியும் போட்டாள்.

"பிள்ளையை விட நீதான் கூடப் பதறுறாய்," என்றார் கனகசூரியம்.

"பதறாம என்ன செய்யிற?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

ஆர்த்திகா தகப்பனின் பக்கம் திரும்பினாள். "படிப்பிக்கிற வேலை எனக்கு விருப்பமில்ல எண்டில்ல அப்பா. நம்மட வாவி மீன்பிடியைப் பத்தி ஒல்லாந்தர் எழுதி வச்சதெல்லாம் அவங்கட நாட்டிலதான் கிடக்கு. வாகரையில இருந்துகொண்டு அதை எப்பிடிப் பார்க்கிற?"

"மீன் இஞ்ச, கடுதாசி அங்கயா?"

"ஓம்."

"நல்ல நியாயந்தான்." கனகசூரியம் கொஞ்சம் யோசித்தார். "சரி. இண்டைக்கு ஓமெண்டு வந்தாப் போ. நான் மறிக்கமாட்டன். இல்லையெண்டு வந்தா, திங்கக்கிழமை நானே உன்னை மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய் வாகரையில விடுவன். அழக்கூடாது."

மகள் தலையாட்டினாள். அவளுக்கு அப்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்து இல்லாத மின்சாரம் சற்று முன்புதான் வந்திருந்தது. வீட்டுப் போன்கள் எல்லாம் அலுமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தன. அங்கிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களே பாருங்க அப்பா. எனக்கு ஏலா," என்று ஆர்த்திகா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கனகசூரியம் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போய், வெளிச்சம் தெரிந்த போனைக் கழற்றினார். தொட்டதும் திறந்தது.

"'டியர் மிஸ் கனகசூரியம்'... ம்... 'கங்கிராஜுலேஷன்ஸ்'..."

"என்ன? இன்னொருக்கா வாசிங்க!"

"கிடைச்சிட்டு மகள்! கலாநிதிப் படிப்புக்கு இடம் தந்திரிக்காங்க. முழுச் செலவும் அவங்கட பொறுப்பாம்!"

ஐந்து முறை இல்லையென்று வந்தபோது அழாத பெண், மூடிய கைகளுக்குள் விம்மி விம்மி அழுதாள். கனகசூரியத்துக்கும் கண் கலங்கிவிட்டது. மறு கையால் தன் போனை எடுத்துக் கிரானில் இருக்கும் தமக்கையை அழைத்தார்.

"பத்தினியக்கா! மகளுக்கு இடம் கிடைச்சிட்டு. ஓம், வெளிநாட்டிலதான். 'மிஸ் கனகசூரியம்' எண்டு என்ட பேரைப் போட்டுத்தான் கடிதம் வந்திரிக்கி. வாகரையா? அங்க ஆரக்கா இனிப் போற? இரிங்க, வச்சிராதீங்க."

வதனி இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"பெத்த தாய்க்கு ஒரு சிரிப்பு வருதா பார். பிள்ளை தூரப் போகுதெண்டு இப்பவே கவலையாக்கும்," என்றார் கனகசூரியம்.

"கடிதத்தை முழுக்க வாசிங்க," என்றாள் வதனி.

"வாசிக்கன், வாசிக்கன்." தமக்கைக்கும் கேட்கட்டும் என்று அவர் சத்தமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். "தெரிவுக் குழுவில எல்லாரும் ஒருமிச்சு உங்களைத் தெரிவு செஞ்சிரிக்காங்களாம். முக்கியமா, வகுப்பறையில வரலாறு படிப்பிச்ச உங்கட இருபத்திரெண்டு வருச அனுபவம்..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இருபத்தாறு வயசுப் பிள்ளைக்கு இருபத்திரெண்டு வருச அனுபவமா? வெள்ளைக்காரனும் பிழையா அடிச்சு அனுப்புறான் பாரு!"

ஆர்த்திகா முகத்திலிருந்து கைகளை எடுத்தாள்.

"பிழையில்ல," என்றாள் வதனி. "உங்கட கையில இரிக்கிறது என்ட போன். அந்த இருபத்திரெண்டு வருசமும் என்ட."