ரேடியோ அக்காவின் குறுக்கு விசாரணை

“தம்பி எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டான். நீயும் உன் வாயால ஒரு தடவை சொல்லிடு, அவ்வளவுதான்” என்றாள் நாத்தனார், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல்.

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “அதான் அவர் சொல்லிட்டாரே, அப்புறம் எங்கிட்ட எதுக்கு அண்ணி?”

“ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்கத்தான்!”

அசகாய சூரி. தெருமுனையில் லாண்டரிக் கடை வைத்திருக்கும் இந்த அண்ணிக்குக் குடும்பத்தில் ரேடியோ என்று பெயர். அவளிடம் ஒரு சட்டையையும் ஒரு சேதியையும் கொடுத்தால், சட்டை மறுநாள்தான் திரும்பி வரும். சேதி அன்று சாயங்காலமே தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடும். அப்பேர்ப்பட்டவள், தத்தெடுத்த குழந்தை இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். பெற்றவள் யார்?

“பேரு எங்களுக்கே தெரியாது அண்ணி. காப்பகத்துல சொல்லவும் மாட்டாங்க. நாங்க யாருன்னு அந்தப் பொண்ணுக்கும் தெரியாது. அப்படித்தான் பேசிக் குடுத்திருக்காங்க.”

“பேரு கிடக்கட்டும். ஏன் குடுத்தா? அதைச் சொல்லியிருப்பாங்கள்ல?”

கொஞ்சம்போலச் சொல்லியிருந்தார்கள். தம்பி மனைவிக்குப் பொய் சொல்ல வராது. அதனால் மடித்த குட்டிச் சட்டையைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“எனக்குப் பல்லு புடுங்கினப்பவும் இதேதான் சொன்னீங்க. மறுநாள் பேப்பர் போடறவர் வந்து ‘வீக்கம் வத்திடுச்சாம்மா’ன்னு கேக்கறார்.”

ரேடியோ விடுவாளா? சோபாவில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். “சரி, நீ வாயைத் திறக்கவே வேண்டாம். நான் கேக்கறேன், தலையை மட்டும் ஆட்டு. சின்னப் பொண்ணா? படிச்சவளா? இந்தப் பக்கத்துக்காரியா?”

“கழுத்து சுளுக்கிக்கிச்சு அண்ணி. ஆட்ட முடியல.”

சமையலறையிலிருந்து டீயோடு வந்த தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் லிப்ட் மெக்கானிக். நடு மாடியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்தவன். அக்காவிடம் அவன் மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்கத்தான் ஆளில்லை.

“வாடா. உன் பொண்டாட்டி பெரிய அழுத்தக்காரியா இருக்கா. நீ சொல்லு. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு நோய்நொடின்னா என்ன பண்ணுவே?”

“அதுக்கு வேண்டியதெல்லாம் டாக்டருக்குத் தெரியும்க்கா.”

“ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லடா! அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கேன்னு என்னை எத்தனை பேரு சொல்லியிருக்காங்க? நாளைக்கு இவ யாரு ஜாடைன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?”

“அத்தை மாதிரியே வாயாடின்னு சொல்லு.”

சொல்லிவிட்டுச் சிரித்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“அப்போ நான் இந்த வீட்டுக்கு யாரு? அம்மா வேலைக்குப் போனப்போ உன்னை இடுப்பைவிட்டு இறக்காம தூக்கி வளத்தவடா நான். எங்கிட்டயே மறைக்கறே. சரி, இன்னிக்கு நீ சொல்லலைன்னா இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

அம்மா இறந்த பிறகு அவனுக்கு அம்மாவும் அவள்தான். அவள் வராத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. “அக்கா... அது வந்து...” என்று ஆரம்பித்தே விட்டான்.

மனைவி தடுக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் குழந்தை தூக்கத்தில் ஏதோ முனகியது.

“இல்லக்கா. சொல்ல மாட்டேன்” என்றான். குரல் உடைந்துவிட்டது. “தத்துங்கறதை நாங்க ஒளிக்கல, பாப்பாகிட்டயும் ஒளிக்க மாட்டோம். ஆனா நாங்க கேள்விப்பட்டது அவளோட கதை. அவ கேக்கறப்போ முதல்ல அவகிட்டதான் சொல்லுவோம். பெத்தவளும் வெளிய தெரியக் கூடாதுன்னு நம்பித்தானே குடுத்தா? நீ கோவிச்சுக்கிட்டுப் போனா தினம் உன் கடை வாசல்ல வந்து நிப்பேன். கால்ல வேணாலும் விழறேன். இதை மட்டும் கேக்காதே.”

ரேடியோ அவனை முறைத்தாள். அப்புறம் அவன் மனைவியை முறைத்தாள். பிறகு தொப்பென்று சோபாவில் உட்கார்ந்து, “அப்பாடா!” என்றாள். கண் நிறையத் தண்ணீர்.

“என்னாச்சு அண்ணி?”

“எங்கிட்டயே சொல்லலைன்னா நீங்க வேற எவகிட்டயும் சொல்ல மாட்டீங்க. இப்பத்தான் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.”

“அடக் கடவுளே, சோதிச்சா பாத்தே?” தம்பிக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “இதுக்கா இத்தனை கூத்து? உனக்கென்னக்கா இதுல இவ்வளவு பயம்?”

ஆறிப்போயிருந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா.

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல, ‘இந்தப் பிள்ளையை நிஜமா பெத்தவ யாரு தெரியுமா’ன்னு ஒருத்தி எல்லார் முன்னாடியும் கதை சொல்லிக்கிட்டிருந்தா. அந்தப் பிள்ளை நான்தான்டா, கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். நான் கேட்டுட்டேங்கறது நம்ம அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”